காலிக் கட்டம்

இரவு ஒன்பதரைக்குக் கூப்பிடுவாய்.
எப்போதும் அதே குரல்,
பிழியாமல் கொடியில் போட்ட துணிபோல.
"நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்க."

மூன்று வருஷமாக
அந்த ஒரு நாள் முடியவில்லை, சந்தியாகு.

வாலிநோக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தின்
பச்சை அட்டைப் பதிவேட்டில்
உன் கையெழுத்தை
உன்னைவிட நன்றாகப் போடுகிறேன்.
கடைசி எழுத்தை நீ அவசரமாக இழுப்பாய்.
நான் நிதானமாக இழுத்துவிட்டு
அவசரம் தெரிகிறதா என்று
தள்ளிவைத்துப் பார்ப்பேன்.

டாக்டர் முகாமுக்குப் போயிருக்கார்.
டாக்டருக்கு அம்மை.
இரண்டு தடவை அம்மை போட்டுவிட்டது உனக்கு.
பூமயில் சிஸ்டர்தான் சொன்னார்,
"இனி வேற நோய் பாருங்க மேடம்."

மருந்தறைச் சாவி உன்னிடம் இருந்த வாரங்களில்
ஊசிமருந்துக் கணக்கு உதைத்தது.
இரண்டு குப்பி உடைந்தது என்று எழுதினேன்.
உடைந்த கண்ணாடி எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.

ஆடியில்,
பாசி எடுக்கப் போகும் இருளாயியின் மகன்,
நாலு வயது, வலிப்பு.
நீ எழுதிய அளவில்
புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருந்தது.
சிஸ்டர் அந்தச் சீட்டை
என் சோற்று டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப்
பேசாமல் போனார்.
திருத்தினேன்.
உன் கையெழுத்திலேயே.

பிள்ளை பிழைத்தான்.
பிழையும் பிழைத்தது.

உனக்காகத்தான் என்று சொல்லிவந்தேன்.
இல்லை.
"நீ இல்லேன்னா நான் செத்துருப்பேன்" என்பாயே,
அதை வாங்கத்தான்
என் தூக்கத்தை விற்றேன்.
நாடி பார்ப்பதுபோல
அந்த வாக்கியத்தைத் தொட்டுத் தொட்டு
நான் உயிரோடிருக்கிறேன் என்று
உறுதி செய்துகொண்டேன்.

போன வாரம் உப்பளம் வழியாக வந்தேன்.
ஒரு பாத்தியின் கரை உடைந்து
தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.
முழங்கால் சேற்றில் ஓர் ஆள்
மண்ணை வெட்டி வெட்டிக் கரை போட்டுக்கொண்டிருந்தார்.
கடல்மேல் அவருக்குக் கோபமெல்லாம் இல்லை.
பீடியைக்கூட அணைக்கவில்லை.

இன்று ஒன்பதரைக்குக் கூப்பிட்டாய்.
முடியாது என்றேன்.
நீ பேசவில்லை.
அந்த அமைதிக்குள் மூன்று முறை
"சரி விடு" என்று வாய்வரை வந்தது.
மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

மதுரையில் ஒருத்தர் இருக்கார்,
டாக்டர்களையும் பார்ப்பார்,
நம்பர் அனுப்புறேன். போறது உன் பாடு.
காலையில் மாவட்ட ஆபீஸில் நானே சொல்லப்போறேன்,
குப்பியை, புள்ளியை,
நான் போட்ட கையெழுத்தை எல்லாம்.

"நீயும் மாட்டுவே" என்றாய்.
"ஆமா" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மூக்கையூரிலிருந்து ஒருவர்,
பாதத்தில் திருக்கை முள்.
வெந்நீரில் காலை வைத்து
"சூடு தாங்கலேன்னா சொல்லிரணும்" என்றேன்.
தலையாட்டினார், சொல்லவில்லை.
தண்ணீரில் விரல் விட்டுப் பார்த்துவிட்டு
நானே பச்சைத்தண்ணீர் சேர்த்தேன்.
"எங்க ஊர் டாக்டரு இல்லீங்களா?"
"இல்லை."
முகாம் என்று சொல்லவில்லை.
நாக்கு அதற்குப் பழகியிருந்தது,
கொஞ்சம் நேரம் வாய்க்குள் அலைந்தது.

காலை எட்டு.
என் கட்டத்தில் என் பெயர்.
உன் கட்டத்தின்மேல் பேனா நின்றது, சந்தியாகு,
பொய் சொல்லமாட்டேன், நின்றது.

"டாக்டருக்கு என்ன எழுதணும் மேடம்?"

வரலைன்னு எழுதுங்க சிஸ்டர் என்று
பேனாவை அவரிடம் கொடுத்தேன்.