மட்டமான காரம்

இரிடியம் கிராம் என்ன விலை என்று
ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்தோம்.
ஒரு மாத உதவித்தொகைக்கு
ஒரு சிட்டிகை வரும்,
விரலை இறுக்கிப் பிடித்தால்.
ஷைனி மடிக்கணினியை மூடிவிட்டு
டீ குடிக்கப் போனாள்.

கஞ்சிக்கோட்டில் மலிவானது இரும்பு.
உருக்காலைப் புகை
ஆடியில் தமிழ்நாட்டுக்குப் போகும்,
மார்கழியில் எங்களிடமே திரும்பி வரும்.

நிக்கல் நுரைத் தகட்டை
கோவையிலிருந்து பஸ்ஸில் நான்தான் கொண்டுவந்தேன்.
வாளையாரில் பையைத் திறந்தவர்
"பாத்திரம் தேய்க்கிறதா?" என்றார் மலையாளத்தில்.
ஆமாம் சேட்டா,
தண்ணீரைத் தேய்க்க.

சுத்தமான காரத்தில்
தகடு தூங்கியது.
வோல்ட்டை ஏற்ற ஏற்ற
மூலையில் நாலு குமிழி,
கல்யாண வீட்டில் பிடிக்காத சொந்தம்போல
தள்ளித் தள்ளி.

ஓணத்துக்கு முந்தைய வாரம்
நல்ல பாட்டில் தீர்ந்தது.
கொழிஞ்சாம்பாறையில் சோப்புக் காய்ச்சும் சுலைகா
பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் கொடுத்த
மஞ்சளோடிய செதில்களைக் கரைத்தோம்,
சும்மா, ஒரு நாளைக் கழிக்க.

பொங்கியது.
அந்தப் பக்கம் ஒரு பங்கு, இந்தப் பக்கம் இரு பங்கு,
தகடே தெரியாத அளவுக்கு வெள்ளை.
மீட்டர் பொய் சொல்கிறது என்றேன்.
வயரை மாற்றினோம். மீட்டரை மாற்றினோம்.
ஷைனி என்னைக்கூட மாற்றிப் பார்த்தாள்,
"நீ தொடாதே, நான் போடுகிறேன்."
அப்போதும் பொங்கியது.

காரத்தைச் சுத்தம் செய்தோம்:
தூங்கிவிட்டது.
ஜன்னல் ஆணியின் துருவைச்
சுரண்டிக் கரைத்து ஒரு சொட்டு விட்டோம்:
எழுந்துவிட்டது.

பத்து லட்சத்தில் ஒன்றோ இரண்டோ,
அவ்வளவுதான் அந்த இரும்பு.
கலப்படம் கலப்படம் என்று
பால்காரரை எத்தனை நாள் திட்டியிருப்பேன்.

பதிவேட்டில் ஒரு கட்டம்:
'மூலப்பொருளின் தூய்மை, சதவீதத்தில்.'
ஷைனி யோசித்து எழுதினாள்:
"சோப்புக்குப் போதுமானது."

இரவு. தண்டவாளத்தில் யானை போல,
ரயில் நின்று நின்று ஊதுகிறது.
நாற்பத்தோராவது மணி நேரத்தில்
முள் கொஞ்சம் இறங்குகிறது;
துரு கழன்று போகிறதோ என்னவோ,
அதற்கு எங்களிடம் பதில் இல்லை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஜன்னலோரம் ஷைனி
அடுத்த ஆணியைத் தடவுகிறாள்.