சத்தமில்லாமல் குதித்தல்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வினிபெக்கில் அதற்குப் பெயர் செவ்வாய்க்கிழமை.

ஜிம்முக்குள் இருநூற்று நாற்பது கதிரைகள்,
வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு
இன்றே வந்து உட்கார்ந்துவிட்டன.
போன வாரம் புத்தகச் சந்தை.
அதற்கு முன் தடுப்பூசி.
அந்தக் கூடம் ஊருக்கே சொந்தம்,
நேரசூசியில் மட்டும் என்னுடையது.

முப்பத்திரண்டு பிள்ளைகள்.
ஒன்பது பந்து, காற்றுள்ளவை நான்கு.
பம்ப் இருக்கிறது, பம்பின் ஊசி இல்லை.
செப்டம்பரில் படிவம் நிரப்பிக் கேட்டேன்.
நவம்பரில் பதில்:
எந்த விளையாட்டுக்கு என்று குறிப்பிடவும்.

சீட்டுகள் தனிக்கணக்கு.
ஜோமாருக்கு மூச்சிரைப்பு, அது நிஜம்.
ஹர்நூருக்குக் கணுக்கால், அது பாதி நிஜம்.
ஒக்ஸானாவின் சீட்டில் அம்மாவின் கையெழுத்தும்
ஒக்ஸானாவின் கையெழுத்து.
இதுவரை இருபத்தொன்று,
ஒவ்வொன்றிலும் வேறோர் உறுப்பு வலிக்கிறது.
உடற்கூற்றியலில் நல்ல புள்ளி எடுப்பாள்.

ஆக, நடைபாதை.
சுவரில் ஒரு தாள்: பரீட்சை நடக்கிறது, அமைதி.
வாசிப்புப் பரீட்சையின் வழியில்
ஒருவரும் கதிரை போடுவதில்லை.

சப்பாத்தைக் கழற்றுங்கள் என்றேன்.
இன்றைக்குப் பாடம், சத்தமில்லாமல் குதித்தல்.
விரல்நுனியில் இறங்கு. முழங்காலை மடி.
சிரித்தால் அவுட்.

முப்பத்திரண்டு சோடிக் காலுறை,
ஏழில் ஓட்டை.
விசில் என் கழுத்தில் சும்மா தொங்கியது.
கை உயர எழுந்தார்கள்,
கை தாழ, பூனை மதிலிறங்குகிற மாதிரி வந்தார்கள்.
யாரும் யார் பெயரையும் கத்தவில்லை.
இவளை எங்கள் பக்கம் வேண்டாம் என்று
சொல்வதற்குப் பக்கமே இல்லை.
நாலாவது முறையோ ஐந்தாவதோ,
வரிசைக் கடைசியில்
சீட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஒக்ஸானா காற்றில் இருந்தாள்.

நான் பார்க்கவில்லை.
பார்த்தேன் என்று தெரிந்தால் நின்றுவிடுவாள்.
தீயணைப்பு உருளையின் காலாவதித் தேதியை
இரண்டு தரம் வாசித்தேன்.

கதவு திறந்தது. மிஸஸ் ஃப்ரீசன்.
உதட்டில் விரலோடு வந்தவர்
அடக்குவதற்கு ஒன்றும் கிடைக்காமல்
விரலை இறக்கினார்.
“சத்தமில்லைதான், தர்மினி.
ஆனால் உள்ளே பென்சில்கள் உருள்கின்றன.”

மன்னிப்புக் கேட்டேன், வாயால்.

பின்னேரம் புள்ளிப் பட்டியல்.
‘பங்கேற்பு’ என்ற கட்டத்தில்
ஓர் எழுத்துத்தான் கொள்ளும்.
இருபத்தொரு சீட்டு,
எண்ணாமல் விட்ட துள்ளல்கள்.
ஒக்ஸானாவுக்கு நேரே கோடு மினுங்குகிறது,
மினுங்குகிறது.
அதிபர் எட்டிப் பார்த்து,
கதிரைகள் அடுத்த செவ்வாயும் இருக்கும்
என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி விற்கும் கடை எட்டு மணிக்குப் பூட்டுவான்.
காலையில் காருக்கு
பிளக் போட மறந்துவிட்டேன்.