வீடு என்று சேமித்தது

ருஸ்தவி கார்ச் சந்தையில் இன்று இறங்கியவை பதினொன்று.
போத்தித் துறைமுகத்தில் உப்பு காய்ந்து,
முகம் நசுங்கியும் கதவு இல்லாமலும் வந்தவை.
ஒன்றில் மட்டும் கூரை நெடுக ஆலங்கட்டித் தழும்பு,
மற்றபடி முழுசு.
ஒஹாயோவில் யாரோ குத்தகை முடிந்து
திருப்பிக் கொடுத்தது.

வெளியே கழுவ ஒரு பையன் இருக்கிறான்.
உள்ளே கழுவுவது மல்காஸின் வேலை.

இருக்கைக்கு அடியில் ஒரு கொண்டை ஊசிகூட இல்லை.
கைப்பெட்டியில் ரசீது இல்லை, மிட்டாய்த்தாள் இல்லை.
பார்த்துப் பார்த்துத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள்
ஒருத்தி.
ஒருத்திதான் என்று
சாவி போட்டதும் வண்டியே சொல்லிவிட்டது:
வருக, டார்லீன்.

கூடவே ஓட்டுநர் இருக்கை
முனகிக்கொண்டு முன்னே நகர்ந்து
அவன் முழங்காலை நெரித்தது.
குள்ளமானவள்.

மல்காஸுக்கு ஆங்கிலம் கற்றுத் தந்தவை
இந்தத் திரைகள்தான்.
செவ்வாய், வியாழன், சனி,
காலை ஆறேகால், டயாலிசிஸ் நிலையம்,
நான்கு மணி நேரம்.
இப்படி இரண்டு வருடம்.
பிறகு ஒரு சனிக்கிழமை முதல் அந்த முகவரியே இல்லை.
பூக்கடை ஒரு தடவை.
வக்கீல் அலுவலகம் மூன்று தடவை.
அப்புறம் தினமும் மாலை
ஓர் ஏரிக்கரை வண்டி நிறுத்தம்,
இறங்கியதாகக் குறிப்பு இல்லை.

பெயர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
'கூரை ரிப்பேர்க்காரர்.'
'எடுக்காதே.'
'எடுக்காதே, புது நம்பர்.'
பாதியில் நிற்கும் ஒரு குறுஞ்செய்தி:
பால் நான் வாங்கிட்டேன், நீ நேரா

மேலே படிக்கக்கூடாது என்று
அவனுக்கு யாரும் சொன்னதில்லை.
ஆனாலும் விரலை எடுத்தான்.

வாங்க வந்தவர் கியூம்ரியிலிருந்து, ஹ்ராந்த்.
அவர் மகன் கண்ணாடிக்குக் கீழே இருந்த பொத்தானை
மூன்று முறை அமுக்கினான். இது எதுக்கு?
கராஜ் கதவு திறக்க.
எங்கே திறக்கும்?
எங்கேயும் திறக்காது என்றான் மல்காஸ்.
சொல்லிவிட்டு,
அங்கே இப்போது விடியாத வேளை,
இருட்டில் ஒரு தகரக் கதவு
தானாக எழுந்து நிற்கிறதோ என்று
ஒரு கணம் காது கொடுத்தான்.

திரையில் 'வீடு' என்றொரு படம், சின்னதாக.
தொட்டுப் பார்த்தான்.
பாதை கிடைக்கவில்லை என்றது பெண்குரல்,
வருத்தமே இல்லாமல்.

அவன் விற்ற பழைய வண்டி குதாயிசியில் ஓடுகிறது.
போன மாதம் அதை வாங்கியவர் போன் செய்தார்:
மாலை ஏழு ஆனால் போதும்,
உன் வீட்டுக்குத் திரும்பு, திரும்பு என்கிறது உன் வண்டி.
யாரய்யா அந்த நெஸ்தான்?
கூப்பிடவா, கூப்பிடவா என்று பிடுங்குகிறது.
இருவரும் சிரித்தார்கள்.
நெஸ்தான் பாரி நகரத்துக்குப் போய் நாலு வருடம்.
ஓர் இத்தாலியக் கிழவருக்குக் கஞ்சி ஊட்டுகிறாள்.
அந்த எண் எந்த வண்டியிலும் இல்லை.

என் மொழியில் ஒரு நெடிலைக் குறுக்கினால் போதும்,
வீடு விடு ஆகிவிடும்.
மல்காஸுக்கு ஏழு பொத்தான்கள்.
அமைப்பு. கீழே. இன்னும் கீழே.
இணைந்த கைபேசி ஒன்று, துண்டிக்கவா?
எல்லாவற்றையும் அழிக்கவா?
மீட்க முடியாது, சம்மதமா?
சம்மதம்.

திரை கறுத்தது. வெளுத்தது.
மொழியைத் தேர்ந்தெடுக்கவும் என்றது,
பிறந்த குழந்தை மாதிரி.

என்ன இருந்தது உள்ளே? என்றார் ஹ்ராந்த்.
ஒன்றுமில்லை. தூசி.

அவர்கள் பணம் எண்ணும்போது
ஓரமாகப் போய்க் குதாயிசிக்குப் போன் போட்டான்.
அமைப்பு, கீழே, இன்னும் கீழே என்று
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.
மறுமுனை நின்றது:
சம்மதமா என்று கேட்கிறது. அமுக்கிவிடவா?

மணி ஆறு ஐம்பது.
இருங்கள் என்றான்.
இன்றைக்கு மட்டும்
ஏழு தாண்டட்டும்.