இரண்டரை மணி

பெர்லின் கம்பெனிப் பெண் திரையில் கேட்டாள்:
வாரம் மூன்று நாள் ஆபீஸ் வர முடியுமா?
இரண்டே முக்கால் மணி நேர ரயில்,
நடுவில் கோட்புஸில் இறங்கி மாறணும் என்றேன்.
சிரித்தாள். நல்ல சிரிப்பு.
அத்தோடு சரி.

மியூனிக்காரர்,
"கோர்லிட்ஸா? அது போலந்து இல்லையா?"
பாதி, என்றேன்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாதி.

நாற்பத்தொரு விண்ணப்பம்.
சுகந்தனுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் இரவு முறை,
அதனால் இந்த ஊர்.
நதிக்கரையில் ஒரு கல் நிற்கிறது:
பதினைந்தாம் தீர்க்கரேகை இவ்வழியே போகிறதாம்.
பாதி ஐரோப்பா
இந்தக் கோட்டை வைத்துத்தான் மணி பார்க்கிறது.
அம்மா போனில் சொல்கிறாள்,
உனக்கு இன்னும் நேரம் வரலைடி.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
நோவாக் ரொட்டிக்கடையில்
கூடைக்கு மேல் கூடையாகப் பன்,
ஜன்னல் விளிம்பில், நாற்காலியில், எடைத் தராசின் மேல்கூட.
பாதி விலை என்று அட்டையில் கிறுக்கல்.
என்ன விசேஷம்?
"மெஷினைக் கேள்" என்றாள் நோவாக் அம்மாள்.
"ஏழு கடைக்கும் இரண்டு மடங்கு கேட்டிருக்கிறது.
போன வருஷமும் ஒரு நாள் இதே கூத்து."

ஆர்டர் எத்தனை மணிக்கு அச்சாகும்?
"ராத்திரி இரண்டரைக்கு."

சிரிப்பை அடக்கினேன்.
நேற்றிரவு மூன்று மணியை
மறுபடி இரண்டாக்கினார்கள்.
ஆகவே இரண்டரை இருமுறை வந்தது.
முதல் தடவை எது, இரண்டாம் தடவை எது என்று
அந்த நிரலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அடுப்புக்குப் பின்னறையில் கணினி,
விசிறியெல்லாம் மாவு.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
மாற்றப் பதினோரு நிமிஷம் ஆனது,
அதில் ஐந்து, கடவுச்சொல் எழுதிய சீட்டைத் தேடியது.

"வாரம் இரண்டு நாள் வருவாயா?
சம்பளக் கணக்கும் இப்படித்தான் இழுக்கிறது."
ரொட்டிப் பையைத் தட்டையாக்கி
என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.
மணிக்கு எவ்வளவு என்று எழுதப்போன நேரம்
நான் சும்மா இருந்திருக்கலாம்.

மார்ச்சில் இதுவே தலைகீழ், என்றேன்.
அன்றைக்கு இரண்டரையே கிடையாது.
இரண்டு அடித்ததும் மூன்று.
ஆர்டர் வராது.

பேனா நின்றது.
"வரவில்லை" என்றாள்.
"ஏழு கடையும் காலி.
மாரெக் பிரிண்டரை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்று..."

பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு அவனுக்கு.
ஏழு மாசம் ஆகிறது.

கையை முந்தானையில்லாத ஏப்ரனில் துடைத்து
போனை எடுத்து எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.
மணி ஒன்பது பத்து.
ஆற்றைத் தாண்டினாலும் ஒன்பது பத்துதான்.
அடித்துக்கொண்டே இருந்தது.
வைத்துவிட்டு
மறுபடி போட்டாள்.
பையில் என் பெயருக்கு எதிரே
இன்னும் காலியிடம்.