பேரை வாவியில் இரவுக் காவல்

கடைசி பஸ் போன பிறகுதான்
வக்காவுக்கு விடிகிறது.
மாரா மரத்திலிருந்து
கழுத்தே இல்லாத சாம்பல் மூட்டையொன்று
நழுவி விழும்; தண்ணீரைத் தொடுமுன்
நினைப்பு வந்து பறக்கும்.
குவாக்.
மும்மொழியில் எழுதாத ஒரே அறிவித்தல்
கொம்பனித்தெருவில் இதுதான்.

(கழுத்து இருக்கிறது. மடித்து வைத்திருக்கிறது.
மீன்களுக்கு மட்டும் அது தெரியவரும்,
அதுவும் ஒரு தடவை.)

தரிப்பிடத்தில் முப்பத்திரண்டு வாகனம்.
எல்லாவற்றுக்கும் மேலிருந்து வெள்ளை அடிக்கிறார்கள்.
முகாமையாளரின் பிராடோவுக்கு இரண்டு பூச்சு.
தை மாதம் அவர் கடிதம் எழுதி
மாநகர சபையிலிருந்து விமலசேன
வாளோடும் ஏணியோடும் வந்தார்.
கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை,
குச்சிகளுக்குள் ஒரு சின்னச் சச்சரவு.
அதில் நாலு குஞ்சு,
கரண்ட் அடித்த மாதிரித் தலைமயிர்.
மூத்தது அவரை ஒரு கணம் பார்த்தது.
பிறகு இரவுச் சாப்பாடு முழுவதையும்
அவர் தோளில் கக்கியது:
தவளைக் கால், பாதித் திலாப்பியா,
பெயர் சொல்ல முடியாத ஒன்று.
நாளைக்கு வருவதாகச் சொல்லி இறங்கினார்.
ஏணி இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

தாய்க்கும் தகப்பனுக்கும் அப்போது
பிடரியில் இரண்டு வெள்ளை இறகு, கால் ரோசா.
மற்ற மாதங்களில் பழைய மஞ்சள் கால்தான்.
குஞ்சு வளர்ந்தால் மண்ணிறம், உடம்பெல்லாம் புள்ளி,
கண்ணும் மஞ்சள். அது சிவக்க
மூன்று வருடம் எடுக்குமாம்.
எனக்கு ஒரு கிழமை இரவு ஷிப்ட் போதும்.

நேற்று ஒரு மணி இருக்கும்.
மாலுபாணின் கருகிய ஓரத்தை எறிந்தேன்.
படிக்கட்டில் நின்றது எடுத்தது. விழுங்கவில்லை.
தண்ணீரில் வைத்தது,
கவுண்டரில் சில்லறை வைக்கிற மாதிரி.
பிறகு நின்றது.
பாண் மிதந்து விலக
எட்டி எடுத்து மறுபடி வைத்தது.
மறுபடி விலக, மறுபடி.
மூன்றாம் முறை வாவி லேசாகச் சுருங்கி
ஒரு மீன்.
தன் பசியை ஓரமாக வைத்துவிட்டு
மீனின் பசியைப் பார்த்துக்கொண்டு
அவ்வளவு நேரம் நிற்க
நான் ஒருநாளும் பழகவில்லை.

ஐந்தரைக்கு வெள்ளைக் கொக்குகள் வரும்.
அதே படிக்கட்டு, அதே மீன்.
இரண்டும் பேசிக்கொண்டதை நான் கண்டதில்லை.
துவான் ஜுனைத் வந்து கையெழுத்துப் போட்டு
"ஏதும் விசேஷமா?" என்றார்.
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்:
01.10. பாண். மீன் ஒன்று.
வாசித்தார். சிவப்புப் பேனையைத் தேடி எடுத்து
பக்கத்தில் ஒரு சரி போட்டார்.