இடது பக்க விளக்கு

பத்து நிமிசம், சோத்தைப் போடு எண்டு
சொல்லிப்போட்டு இறங்கினேன்.
ஒரு பல்ப். பன்னிரண்டு பிராங்க்.
நாளைக் காலை எட்டேகாலுக்கு
வாகனப் பரிசோதனை.

கை போக வழியில்லை.
பேட்டரியைக் கழற்றினால் போகும்.
பேட்டரி வர, மேலே கிடக்கும் சட்டம் வர வேண்டும்.
சட்டத்தின் போல்ட்
துருவோடு குடும்பம் நடத்திப்
பதினாலு வருசம்.

ஞாயிற்றுக்கிழமை. புர்க்டோர்ஃபில்
சுத்தியல் சத்தம் கேட்கக் கூடாத நாள்.
பழைய சாரத்தை மடித்துப் போல்ட்டில் போட்டு
ஒவ்வொரு அடிக்கும் ஒருக்கால் இருமினேன்.
மூன்றாம் மாடியில் திரைச்சீலை விலகியது.

கழன்றது.
கழன்ற கையோடு நழுவி
எஞ்சினுக்குள் எங்கேயோ
டிங், டிங்,
பிறகு ஒன்றுமில்லை.
நிலத்தில் விழுந்த சத்தம்
இன்னும் வரவில்லை.

"சோறு ஆறிக் கட்டியாப் போச்சு"
தர்மினி போன் வெளிச்சத்தோடு வந்தாள்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
மேலே போய்
பிரிட்ஜில் ஒட்டியிருந்த லூர்து மாதா காந்தத்தை
நூலில் கட்டிக்கொண்டு வந்து
கிணற்றில் வாளி விடுவதுபோல் விட்டாள்.

மாதா ஒரு போல்ட்டோடு ஏறி வந்தா.
எங்களுடையது இல்லை.

இந்தக் காரை வைத்திருந்த யாரோ
ஏதோ ஒரு ஞாயிறு
இதே இடத்தில் குனிந்திருக்கிறான்.
அவனுடைய சோறோ, கிழங்கோ,
அதுவும் ஆறியிருக்கும்.

இரவு பத்தரைக்கு விளக்கு எரிந்தது.
அவனுடைய போல்ட் பாதிவரைக்கும்தான் போகிறது.
"நாளைக்கு வெளிச்சத்தைத்தான் பாப்பினம்" என்றாள்
தர்மினி,
"பூட்டினதை ஆர் எண்ணப் போகினம்?"