போரா அடித்த செவ்வாய்

த்ரியெஸ்தே துறைமுகத்தில் போரா என்றொரு காற்று.
போரடிக்காது, ஆளையே அடிக்கும்.
பிடித்துக்கொண்டு நடக்கத் தெருமுனைகளில்
கயிறு கட்டியிருந்தார்களாம் ஒரு காலத்தில்.
நீவெஸ் க்ராலியின் கடையில்
பிடித்துக்கொள்ள இருந்தது
அவள் வாக்கு ஒன்றுதான்.

உள்ளே வருபவரைச்
செருப்பிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பாள்.
குடையை எப்படி மடக்குகிறார்,
சில்லறையை எண்ணித் தருகிறாரா கொட்டித் தருகிறாரா,
குளிரைத் திட்டுகிறாரா, தன்னையா.
பிறகு ஒரு ஜாடியைத் திறப்பாள்.
தீர்ப்பு வந்துவிட்டது; மேல்முறையீடு கிடையாது.
சின்னக் கோப்பைக் கறுப்புக் காப்பிக்கு
அந்த ஊரில் பெயர் நேரோ.
அவளும் அப்படித்தான், நேர்.

சுங்க அலுவலகத்து எர்மான்னோவுக்கு சுமத்ரா:
நனைந்த மரப்பட்டை, ஈர மண், கொஞ்சம் புகையிலை.
"ரகசியம் வைத்திருப்பவன் நாக்குக்கு
அடிமண்டி பழகியிருக்கும்" என்பாள்.

ஓபராவில் கூட்டத்தோடு பாடும் ஓந்தினாவுக்குக் கென்யா:
கறுப்புத் திராட்சையும் எலுமிச்சையும்
சண்டைக்கு நின்றதுபோல் ஒரு புளிப்பு.
ஓந்தினாவின் வாய்க்கும் வம்புக்கும் நடுவே
காகிதம் நுழைய இடமிருக்காது.

கப்பல் காப்பீட்டு எழுத்தர் துல்லியோவுக்கு பிரேசில்.
வறுத்த வேர்க்கடலை, லேசாகச் சாக்லேட்,
எந்தத் தகராறும் இல்லை.
"யாருக்கும் தொந்தரவு தராத காப்பி" என்றாள்.
பாராட்டென்று நினைத்துப்
பதினோரு வருடம் நன்றி சொன்னார் மனிதர்.

எனக்கு?
வேலைக்குச் சேர்ந்த அன்று
மேலும் கீழும் பார்த்துவிட்டு
"உனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை" என்றாள்.
அன்றிரவு தூங்கவில்லை; காப்பியால் அல்ல.

அந்தப் பிப்ரவரிச் செவ்வாயன்று
முழங்கால் வலிக்கு ஊசி போட அவள் போயிருந்தாள்.
ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்து
கொட்டைகளைக் கிண்ணங்களில் கொட்டி
ஒவ்வொன்றின் மேலும் அதனதன் சீட்டை வைத்திருந்தேன்.
யாரோ கதவைத் திறந்தார்கள்.
காற்று உள்ளே வந்து
காசு கொடுக்காத வாடிக்கையாளரைப் போல்
எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
எல்லாக் கிண்ணத்திலும் ஒரே பழுப்பு.
எனக்கோ கடும் சளி.
கைக்கு வந்ததைக் கைக்கு வந்ததில் ஒட்டினேன்.

மறுநாள் காலை முதல் ஜாடியைத் திறந்தவள்
மூச்சை ஒரு கணம் நிறுத்தினாள்.
என்னைப் பார்க்கவில்லை.
அரைக்கத் தொடங்கினாள்.

ஓந்தினா சுமத்ராவைக் குடித்துவிட்டு
ஜன்னலோரம் அரைமணி நேரம் பேசாமல் இருந்தாள்.
தொண்டை கட்டிவிட்டதா என்று கேட்டேன்.
"இல்லை. கப்பல் சங்கு எந்தச் சுரத்தில் ஊதுகிறது என்று
இன்றைக்குத்தான் கேட்கிறேன்."

துல்லியோ கென்யாவில் முகம் சுளித்தார்.
இரண்டாம் நாளும் சுளித்தார்.
ஐந்தாம் நாள் சர்க்கரையைத் தள்ளி வைத்தார்.
அடுத்த வாரம்
தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம்
அது தன் நாற்காலி என்றார்.
குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.
பயந்துபோய் அவரே வாயைப் பொத்திக்கொண்டார்.

எர்மான்னோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.
பிரேசிலோ சுமத்ராவோ, வெந்நீரே என்றாலும்
அதே மூன்று மடக்கு, அதே "அருமை, நீவெஸ்."
அவர் காப்பிக்காக வந்தவரே இல்லை என்பது
எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது.
அவளுக்கு உறைத்ததா, தெரியாது.

மூன்று வாரம் கழித்து
அவளே பசை எடுத்துச் சீட்டுகளை மாற்றி ஒட்டினாள்.
துல்லியோவின் முன் பிரேசிலை வைத்தாள்.
ஒரு மடக்கு. கோப்பையைத் திருப்பி நகர்த்தினார்.
"இது யாருடையது?"
"உங்களுடையது."
"இருந்தது" என்றார்.

அவள் சிரிக்கவில்லை.
அவரைச் செருப்பிலிருந்து பார்க்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டு
"என்ன வேண்டும்?" என்று கேட்டாள்.
அந்தக் கடையில் அந்தக் கேள்வியை
அதுவரை நான் கேட்டதில்லை.

சாயங்காலம் வழக்கம்போல்
அரவையில் தங்கிய மிச்சத்தைத் தட்டி
எனக்கொரு நேரோ இறக்கினேன்.
எல்லா நாடும் கலந்த கசடு.
நன்றாகவா இருந்தது? இல்லை.

"கதவைச் சாத்து, காற்று வருகிறது" என்றாள்.
சாத்தினேன்,
கொஞ்சம் மெதுவாக.